தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சந்திரனின் முகத்தில் ஒரு பொட்டுக் கறைகூட விழாத அந்தக் காலத்தில், மரமும் பறவையும் விலங்கும் பேசிக்கொண்டிருந்தன. பேசின என்றால் இப்போது நாம் பேசுகிற மாதிரி ஓயாமல் அல்ல, தேவைக்குப் பேசின. கிரகணம் என்ற சொல் அன்று யாருக்கும் தெரியாது. பௌர்ணமி என்றால் விடியும்வரை பௌர்ணமிதான்.

பூமிக்கு அப்போது மண்ணாத்தாள் என்று பெயர். சந்திரன் அவளுக்கு ஒரே தம்பி. மாதத்தில் பாதி நாள் இளைப்பதும் பாதி நாள் தேறுவதும் அவன் உடல்வாகு. அது அன்றும் இருந்தது. ஆனால் இன்றுபோல் எட்டாத உயரத்தில் அவன் இருக்கவில்லை. தினமும் அக்காள் வாசலுக்கு வருவான். பனைமரத்து உயரத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் போவான். புல், பூச்சி, யானை, எறும்பு எல்லாமே மண்ணாத்தாள் பெற்ற பிள்ளைகள். அதனால் எல்லோருக்கும் அவன் மாமன்.

அவனிடம் ஒரே ஒரு குறை இருந்தது. நேரத்துக்கு வரமாட்டான். நேற்று வந்ததைவிட இன்று இரண்டு நாழிகை பிந்தி வருவான், நாளை அதைவிட இரண்டு நாழிகை பிந்தி வருவான்.

"ஏன்டா தம்பி, நேத்து இந்நேரத்துக்கு வந்து உக்காந்துட்டயே?" என்று அக்காள் கேட்பாள்.

"வந்துட்டேனல்லக்கா, அப்பறமென்ன?" என்பான் அவன்.

அவளும் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு இருந்தவரை அது ஒரு குறையாகவே யாருக்கும் படவில்லை.

மண்ணாத்தாளுக்கு வேறொரு துயரம். அவள் பெற்றதில் முயல் மட்டும் தங்கவில்லை. ஆறு குட்டிகள் பிறந்தன. ஆறும் பால்குடி மறக்கும் முன்பே போய்விட்டன. ஒவ்வொன்றையும் அவள் தனக்குள்ளேயே புதைத்தாள். பூமிக்குப் புதைக்க வேறு இடம் ஏது? பெற்ற பிள்ளைக்குத் தானே குழியாவது எப்படி இருக்கும் என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஏழாவது குட்டி பிறந்தபோது அவள் அதன் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். தவிட்டு நிறத்தில், உடம்பைவிடக் காது பெரிதாக, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அன்று மாலை தம்பி வந்ததும் அதைத் தூக்கி அவனிடம் நீட்டினாள்.

"இந்தா, இதைத் தவிட்டுக்கு வாங்கிக்கோ."

பிள்ளை தங்காத வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையை வேறொருவர் கையில் கொடுத்து, ஒரு கை தவிடு வாங்கிக்கொள்வார்கள். அந்த நிமிடம் முதல் பிள்ளை அவருடையது. பெற்றவள் அடுத்த வீட்டுப் பிள்ளையை வளர்க்கிறவள்போல் வளர்ப்பாள். சாவு தேடிக்கொண்டு வந்தாலும், இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஏமாந்து திரும்பிவிடும் என்பது நம்பிக்கை.

சந்திரன் இரண்டு கையாலும் குட்டியை வாங்கினான். வாசலில் இருந்த தவிட்டில் ஒரு கை அள்ளி அக்காளின் முந்தானையில் போட்டான்.

"இது இனி எம்புள்ள. வளக்கறதுக்குத்தான் உங்கிட்டக் குடுத்திருக்கேன். பத்தரமாப் பாத்துக்கோ," என்றான். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் குட்டியை அக்காள் கையில் திருப்பிக் கொடுக்க அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

குட்டி பிழைத்தது. தவிட்டாயி என்று பெயர் வைத்தார்கள். மாலையானால் அவளுக்கு வேறு வேலை கிடையாது. வாசலில் பின்னங்காலை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு காதையும் தூக்கிக்கொண்டு மாமன் வருகிறானா என்று பார்ப்பாள். அவன் வந்ததும் ஒரே தாவலில் மடியில் ஏறிவிடுவாள். அவள் உருண்டு புரண்டு விளையாடிய அந்த மடி அன்று எவ்வளவு வெள்ளையாக இருந்தது!

தவிட்டாயிக்குக் காதுகுத்து வைத்தார்கள். அவ்வளவு பெரிய காதுள்ள பிள்ளைக்குக் குத்தாமல் இருக்க முடியுமா? தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அது மாமனின் உரிமை, அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மண்ணாத்தாள் வெற்றிலை பாக்கு வைத்து முறைப்படி அழைத்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் முகூர்த்தம். முள்ளம்பன்றி ஆசாரி தன் முதுகிலேயே நல்ல ஊசியாகப் பார்த்து ஒன்றைப் பிடுங்கித் தயாராக வைத்திருந்தார். உறவெல்லாம் கூடியாயிற்று. மாமன் மட்டும் வரவில்லை.

அவன் எங்கே இருந்தான்? தூக்கணாங்குருவி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். அந்தி வானத்துச் சிவப்பை நூலாக இழுத்து, மருமகளுக்கு ஒரு சிற்றாடை நெய்யக் கொடுத்திருந்தான். ஆடை முடிந்துவிட்டது, கரை மட்டும் பாக்கி. "கரையில்லாமக் குடுத்தா எம்பேரு கெட்டுப் போகும் மாமா, கொஞ்சம் பொறுங்க," என்றது குருவி. அவனும் பொறுத்தான்.

இங்கே சூரியன் எழுந்துவிட்டார். அவர்தான் அந்த வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் பெரியவர்.

"பொழுது எறங்கிருச்சும்மா. இனி என்னால ஒரு நிமிசம் நிக்க முடியாது. முகூர்த்தம் தப்புனா புள்ளைக்கு ஆகாது, ஆமா," என்றார்.

புள்ளைக்கு ஆகாது என்ற சொல் மண்ணாத்தாளைக் குலைத்துவிட்டது. ஆறு பிள்ளையைப் பறிகொடுத்தவள் அல்லவா? பக்கத்தில் ஆலமரம் நின்றது. அகலமான வேர்களைப் பரப்பி, தாராளமாக இடம் இருந்தது. தவிட்டாயியை அந்த மடியில் உட்கார வைத்தாள். "மாமன் வரட்டும், மாமன் வரட்டும்," என்று குழந்தை திமிறியது. முள்ளம்பன்றி குத்திவிட்டார். சூரியன் இறங்கிப் போனார்.

இரண்டு நாழிகை கழித்துச் சந்திரன் வந்தான். தோளில் சிவப்புச் சிற்றாடை. முகமெல்லாம் சிரிப்பு. வாசலுக்கு வந்தவன் குழந்தையின் காதில் ரத்தப் பொட்டைப் பார்த்தான்.

"யாரு மடியில வெச்சுக் குத்துனீங்க?"

ஆலமரம் தலை குனிந்துகொண்டது.

"அக்கா, உன்னத்தான் கேக்கறேன். மாமன் உசுரோட இருக்கையில எம்புள்ளைய வேத்து மடியில உக்கார வெச்சயா?"

அவள் ஒரு வார்த்தை தணிந்து பேசியிருக்கலாம். காலையிலிருந்து காத்திருந்த அலுப்பும், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் சேர்ந்து நாக்கில் வந்து நின்றன.

"நேரத்துக்கு வரத் தெரியாத மாமனுக்கு மடி எதுக்குடா?" என்றாள்.

கூடியிருந்த அத்தனை பேர் முன்னால் சொன்னாள். சந்திரன் வெளுத்துப்போனான். தோளில் இருந்த சிற்றாடையை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

"சரி. இனி நீயா வாய் தொறந்து கூப்பிடாம உன்ற வாசல மிதிக்க மாட்டேன்."

"நான் கூப்பிட்டாத்தானே!" என்றாள் அக்காள்.

அவன் ஏறினான். பனை உயரத்தைத் தாண்டி, மலை உயரத்தைத் தாண்டி, மேகத்தைத் தாண்டிப் போய்விட்டான். தவிட்டாயி வாசலில் நின்று, "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் இறங்கியிருப்பான், அதனால்தான் பார்க்கவில்லை.

மாதங்கள் போயின. வானத்தில் அவன் வருவதும் போவதும் தெரிந்தது. ஆனால் வாசலுக்கு வரவில்லை. தவிட்டாயி தினமும் காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புல்லைக் கடிக்கவில்லை, கூட்டாளிகளோடு ஓடவில்லை. குத்திய காது ஆறிவிட்டது, பிள்ளை ஆறவில்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு படுத்தாள். வேரும் பட்டையும் அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் பிடிக்கவில்லை.

மண்ணாத்தாள் ஆட்காட்டிக் குருவியைக் கூப்பிட்டாள். நல்லதோ கெட்டதோ, சேதி கொண்டுபோவது அதன் வேலை.

"மேல போயி, தவிட்டாயிக்கு ஒடம்பு சொகமில்லைன்னு சொல்லிட்டு வா."

"வரச் சொல்லட்டுங்களா?"

மண்ணாத்தாள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

"நான் கூப்பிட்டேன்னு சொல்லாதே. சேதிய மட்டும் சொல்லு."

ஆட்காட்டி பறந்து போய்ச் சொன்னது. சந்திரன் பதறித்தான் எழுந்தான். ஆனால் எழுந்தவன் கேட்ட முதல் கேள்வி இது: "அக்கா கூப்பிட்டாளா?"

ஆட்காட்டிக்குப் பொய் வராது. "இல்லீங்க மாமா. சேதி மட்டும் சொல்லச் சொன்னாங்க."

சந்திரன் உட்கார்ந்துவிட்டான். "கொழந்தைகளுக்குக் காச்ச வர்றதுதான், போறதுதான். இந்தா, குளிர்ந்த பனி தர்றேன். நெத்தியில போடச் சொல்லு," என்று ஒரு கை பனியைக் கொடுத்து அனுப்பினான்.

பனி நெற்றியில் பட்டதும் தவிட்டாயி கண்ணைத் திறந்தாள். "மாமன் வந்துட்டாங்களா?" என்றாள். இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மூடிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகாவது அந்தத் தாய் தலையைத் தூக்கி ஒரு முறை "தம்பி" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அவளும் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. நாம் யாரைக் குறை சொல்வது? நம் வீடுகளில் இது நடக்காததா?

மூன்றாம் நாள் பௌர்ணமி. பகலிலேயே தவிட்டாயிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. கண் மட்டும் வாசலைவிட்டு நகரவில்லை. யாருக்காகவோ உயிர் காத்துக்கொண்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யாருக்காக என்பதும் தெரிந்தது.

இந்த முறை ஆட்காட்டியை யாரும் அனுப்பவில்லை. அதுவாகவே பறந்தது. சந்திரன் கீழ்வானத்துக்கு அப்பால், கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது என்று இருந்தான்.

"மாமா, மூச்சு இழுக்குதுங்க. வாசலயே பாத்துட்டுக் கெடக்கறா."

அப்போதும் அவன் வாயிலிருந்து அந்தக் கேள்விதான் வந்தது. "அக்கா... அக்கா என்ன சொன்னா?"

அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசாத ஆட்காட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க தவிடு போட்டு வாங்குன புள்ளைங்க அவ! உங்க புள்ளையப் பாக்க உங்கள யாருங்க கூப்பிடோணும்?" என்று அலறியது.

அவ்வளவுதான். சந்திரன் ஓடினான். அதற்கு முன்னும் அவன் அப்படி ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. மேகத்தில் மோதினான், மலைமுகட்டில் இடித்துக்கொண்டான். ஆனால் அவ்வளவு உயரத்துக்கு ஏறிப்போனவன் அவன்தானே? இறங்குவதற்கும் அவ்வளவு தூரம் இருந்தது.

பனை உயரத்துக்கு வந்தபோது அழுகைச் சத்தம் கேட்டது. பொழுது சாயும்போது உயிர் பிரிந்துவிட்டதாம். இரண்டு நாழிகை ஆகிறதாம்.

சந்திரன் வாசலில் நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்வதும் இல்லை. மண்ணாத்தாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. யானை முதல் எறும்பு வரை ஒரு பிள்ளை வாயிலும் தண்ணீர் படவில்லை.

தாயின் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வந்து மூடாமல் பிள்ளையை எடுக்க முடியாது. அதைப் போட வேண்டியவன் தாய்மாமன். எல்லோரும் சந்திரனின் கையைப் பார்த்தார்கள். ஓடி வந்தவன் கையில் என்ன இருக்கும்?

அவன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். காதுகுத்துக்கு நெய்த சிற்றாடை, மடிப்புக் கலையாமல் அங்கேயே இருந்தது. ஒரு நாள்கூட அதை அவன் எடுத்து வைக்கவில்லை. என்றாவது அக்காள் கூப்பிடுவாள், அன்றைக்குக் கொடுக்கலாம் என்று கூடவே வைத்திருந்தான். அதை உதறி விரித்தான். கரை வைத்த சிவப்பு ஆடை. குழந்தைமேல் போர்த்தினான். போர்த்திவிட்டு அக்காள் எதிரில் உட்கார்ந்தான்.

"அக்கா, நேரத்துக்கு வரத் தெரியாத பாவி நானு," என்றான்.

மண்ணாத்தாள் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். எத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறாள்! அழுது அழுது அவன் மங்கிப்போயிருந்தான்.

"நான் கூப்பிட்டிருக்கோணும்டா தம்பி. ஒத்த வார்த்த. வாய் வலிச்சா போயிருக்கும்? கூப்பிடாம விட்டேனே. எம்புள்ள பாத்துப் பாத்தே போயிட்டாளே!"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுடைய நிழல் அவன்மேல் முழுக்க விழுந்தது. உலகமே இருண்டது. அந்த இருட்டில் சிவப்பு ஆடை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

நேரம் போயிற்று. பிள்ளையை எடுக்க வேண்டும் என்று ஆலமரம் மெல்லச் சொன்னது. மண்ணாத்தாள் தனக்குள் குழி திறக்கப் போனாள். ஏழாவது குழி. சந்திரன் அவள் கையைப் பிடித்தான்.

"வேண்டாம்க்கா. நான் தவிடு போட்டு வாங்கியிருக்கேன். இது எம்புள்ள."

அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. சற்று நேரம் குழந்தையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எடுத்துக்கோ," என்றாள். "எம்புள்ளைகள்ளாம் போனா எங்கிட்டயேதான் திரும்பி வருது. எல்லாத்தையும் நானே மூடி மூடி வெச்சுக்கறேன். ஒண்ணயாச்சும் கண்ணுல பாத்துட்டு இருக்கற மாதிரி நீ வெச்சுக்கோ. உன்ற மடியிலயே வெச்சுக்கோ. அன்னைக்குக் குடுக்காத மடி."

அவளே தூக்கி அவன் மடியில் வைத்தாள். காதுகுத்து அன்று கிடைக்காத இடம் தவிட்டாயிக்கு இப்போது கிடைத்தது. சந்திரன் எழுந்தான். எழுந்தவனின் துணியைப் பிடித்து அவள் ஒன்று கேட்டாள்.

"எப்பவாச்சும் கொண்டாந்து எங்கிட்டக் காட்டுவியா?"

"மாசாமாசம் பௌர்ணமிக்குக் கொண்டாரேன்க்கா."

"மாசாமாசம் வேண்டாம். வாங்கி மடியில வெச்சுட்டு மறுபடியும் உங்கையில குடுக்கோணுமே. அத மாசாமாசம் எந்தத் தாய்டா தாங்குவா? எப்பவாச்சும் வா. என்னைக்குன்னு நான் சொல்ல மாட்டேன். கூப்பிடவும் மாட்டேன்."

முன்பும் கூப்பிட மாட்டேன் என்றுதான் சொன்னாள். ஆனால் அதே சொல்லா இது?

"நீ கூப்பிட வேண்டாம். நானே வாரேன்," என்றான் சந்திரன்.

அவன் மறுபடி மேலே ஏறினான். மடியில் தவிட்டாயி இருந்ததால் மெதுவாக ஏறினான். அந்த வெள்ளை மடியில் அவள் கிடக்கிற இடம்தான் இன்று நமக்குக் கறையாகத் தெரிகிறது. கீழே பிள்ளைகள் குளித்தார்கள், வீட்டைக் கழுவினார்கள், அதன்பிறகே அடுப்பு மூட்டினார்கள். மண்ணாத்தாளுக்கு அதற்குப் பின் பிறந்த முயல்கள் எல்லாம் தங்கின. அவையும் ஏனோ அந்தி நேரத்தில் பின்னங்காலில் நிமிர்ந்து, காதைத் தூக்கிக்கொண்டு மேலே பார்க்கின்றன. ஆட்காட்டி இன்றும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் அலறுகிறது. சேதி எப்போது பிந்திப்போகும் என்று அதற்குத் தெரியும்.

சந்திரன் சொன்ன சொல் தவறவில்லை. பிள்ளை முழுசாகத் தெரிகிற பௌர்ணமியாகப் பார்த்து, எப்போதாவது ஒரு நாள் அக்காள் வாசலுக்கு வருகிறான். முதலில் அவளுடைய கை அவன்மேல் ஓர் ஓரத்தில் நிழலாகப் படுகிறது. பிறகு முழுவதுமாக அணைத்துக்கொள்கிறாள். மடியில் இருப்பவள்மேல் அவன் சிவப்புச் சிற்றாடையைப் போர்த்துகிறான். அவன் மேனியெல்லாம் தாமிர நிறமாகிறது. சில தடவை பாதியிலேயே அவளுக்குத் தாங்காமல் போகிறது, "போதும்டா தம்பி" என்கிறாள். அன்றைக்குப் பாதி நிழலோடு அவன் போய்விடுகிறான். நாமும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தானே? அவன் வந்து போகும்வரை அடுப்பு மூட்டுவதில்லை, வாயில் ஒன்றும் போடுவதில்லை. அவன் போனதும் தலை முழுகி, வீட்டைக் கழுவி, அதன்பிறகே சோறு ஆக்குகிறோம்.

அன்று முதல்தான் சந்திரனுக்குக் கிரகணம் பிடிக்கிறது; அன்று முதல்தான், நேரத்துக்கு வராதவன் என்று பேர் வாங்கிய அந்த மாமன், யாரும் கூப்பிடாமலே, பஞ்சாங்கத்தில் குறித்த நேரத்துக்கு ஒரு நாழிகைகூடத் தவறாமல் வந்து சேர்கிறான்.